பொங்கினால் இரு, திரிந்தால் வா

கத்திரி வெயிலில் வீடு மாறுகிறவர்களை எங்கள் புதுவாயலில் கிறுக்கு என்பார்கள். கத்திரி வெயிலில் பாலைவனத்துக்கு வீடு மாறுகிறவர்களை என்னவென்று சொல்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து அதற்கு முன் யாரும் அப்படிப் போனதில்லை. அந்தப் பெருமை என் வீட்டுக்காரருக்குத்தான் கிடைத்தது.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், சோலார் தகடுகளைத் தாங்குகிற இரும்புச் சட்டம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சட்டம் செய்வது இங்கே, அதைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறெங்கோ. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வேறெங்கோவில்தான் இருந்தார். ஆந்திராவில் ஒரு பொட்டல், குஜராத்தில் ஒரு பொட்டல். ஒரே ரூமில் நாலைந்து பேரோடு படுத்துக்கொண்டு, பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் விருந்தாளி மாதிரி வந்து போவார். நான் புதுவாயலில் என் மாமியாரோடு குடித்தனம் பண்ணினேன். தாலி கட்டினது ஒருத்தர், குடும்பம் நடத்துவது இன்னொருத்தரோடு என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி பண்ணுவார்கள். சிரித்துக்கொள்வேன். ஆனால் அத்தையின் குறட்டை எனக்குப் பழகின அளவுக்கு அவருடைய குறட்டை பழகவில்லை என்பது உண்மைதான். அது எனக்கு வலிக்கவும் வலித்தது.

சித்திரை பாதியில் அவர் போன் பண்ணினார். ராஜஸ்தானில் பிகானேர் என்ற ஊரில் பெரிய வேலை, சில வருஷம் அங்கேயேதான், குடும்பத்தோடு இருக்க வாடகையும் கம்பெனியே கொடுக்கும் என்றார். அது பாலைவனம், நாற்பத்தைந்து டிகிரிக்கு மேலே கொளுத்தும், யோசித்துச் சொல் என்றும் சொன்னார். நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில், காருக்கு ஒயர் கட்டுகிற என் கம்பெனிக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

தடையாக நின்றது அத்தைதான். அத்தை சின்ன வயதில் கண்டவர் வயலில் நாற்று நட்டவள். பிறகு கம்பெனிகள் வந்ததும் ஒரு கேண்டீனில் சேர்ந்தாள்; அங்கே இன்றைக்கும் சாம்பார் அவள் கைதான். ஷிப்டு ஆட்களை வரிசையில் நிற்க வைக்கிற குரல். அந்தக் குரலில், கத்திரியில் குடி போகக் கூடாது, தை மாசம் போங்கள் என்றாள். லீவில் வந்திருந்த அவர், அந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் கத்திரிதான், அப்படிப் பார்த்தால் அங்கே யாருமே குடி போக முடியாது என்று எடுத்துச் சொன்னார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நானும் ஒரு பழமொழியை எடுத்துவிட்டேன். அத்தை முறைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

“த பாரு. கேண்டீன்ல லீவு சொல்லிட்டு நானும் கூட வரேன். நான்தான் பால் காய்ச்சுவேன். பொங்கிச்சின்னா இருந்துக்கோ. திரிஞ்சிதுன்னா மூட்டய கட்டிக்கினு என்கூட வந்துடணும். இன்னா, சரியா?”

அவர் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அவள் சொன்னது சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். பால் திரிந்தால் நான் மறுபடி புதுவாயல், அவர் மறுபடி பேச்சிலர் ரூம். இருந்தும் நான் பட்டென்று சரி என்றேன். பால் ஏன் திரியப் போகிறது? அத்தனை வருஷமாக எங்கள் வீட்டு அடுப்பில் பால் காய்ச்சியிருக்கிறேன். திரிந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அத்தையின் பால் காய்ச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. அகலமான பித்தளைத் தவலையில், கால்வாசிக்குத்தான் பால் ஊற்றுவாள். அது தானாக ஏறி, விளிம்பைத் தொட்டு, வெளியே வர வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் புது வீடு கட்டினார்; அந்த வீட்டு அம்மா சின்னச் சொம்பில் கழுத்து வரைக்கும் பால் ஊற்றிக் காய்ச்சினாள். எல்லாரும் பொங்கிவிட்டது என்று குலவை போட்டார்கள். அத்தை மட்டும், இது பொங்கவில்லை, வழிந்தது, சாமியையே ஏமாத்துகிற வேலை என்று பந்தியில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு வடையைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மா இன்னமும் எங்களோடு பேசுவதில்லை.

மூட்டை கட்டுவது மூன்று நாள் சண்டையாக நடந்தது. பாலைவனத்தில் என்ன கிடைக்கும் என்று ஆளுக்கு ஒரு தகவல் சொன்னார்கள். ஹைரோடு டீக்கடைக்காரர், அங்கே புளி கிடையாது என்றார். எதிர் வீட்டில், அரிசியே கிடையாது என்றார்கள். அத்தை ஒரு வருஷத்துக்கான புளியைக் கட்டினாள். அம்மிக்கல்லையும் ஏற்றச் சொன்னாள். அங்கே ஊரே கல்தான் அம்மா என்று அவர் கெஞ்சி இறக்கி வைத்தார். நான் ஃபிரிஜ்ஜை முதலில் ஏற்றச் சொன்னேன். யார் பேச்சு எடுபட்டதோ, கடைசியில் டெம்போவில் ஃபிரிஜ் ஏறியது, அதற்குள் புளி ஏறியது. டெம்போ போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பால் காய்ச்சுகிற தவலையையும் வத்தல் போடுகிற பழைய வேட்டியையும் மட்டும் அத்தை டெம்போவை நம்பி விடவில்லை, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேட்டி எதற்கு என்றால், அவ்வளவு வெயிலை வீணாக்கலாமா என்பது அவள் கேள்வி.

ரயில் ஏற கவரைப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். பைகளை இழுத்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து, சென்ட்ரலில் வடக்கே போகும் வண்டியைப் பிடித்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி கவரைப்பேட்டையை நிற்காமல் தாண்டியது. அத்தை ஜன்னல் வழியாகத் தன் ஸ்டேஷனை, காலையில் தான் நின்ற பிளாட்பாரத்தை, எங்களுக்கு டீ கொடுத்த கடையைப் பார்த்தாள். இங்கேயே ஏறியிருக்கலாமே, இதுக்கா அம்மாந்தூரம் போய் பேஜாரு பட்டோம் என்று மகனைக் கேட்டாள். இது இங்கே நிற்காதும்மா என்றார். நிறுத்தச் சொல்லிக் கேட்டாயா என்றாள். அவர் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டு, நெல்லூர் தாண்டித்தான் இறங்கினார்.

பிகானேரில் இறங்கியபோது உச்சி வேளை. ரயில் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் காற்று அடித்தது; எஞ்சின் பக்கத்தில் இறங்கிவிட்டோம் போல என்று நினைத்தேன். நடக்க நடக்க எஞ்சின் கூடவே வந்தது. எங்கள் ஊர் வெயில் பிசுபிசுவென்று ஒட்டுகிற வெயில், ஆளை நனைத்துப் போடும். இந்த வெயிலில் வியர்வை வருவதற்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. அத்தை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து உடனே எழுந்து நின்றாள். சீட் சுட்டது. வீடு வரைக்கும் அரை உட்காரலாகவே வந்தாள்.

செங்கல் நிறக் கல்லில் கட்டின மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மா, மேலே நாங்கள். அந்த அம்மா தலையில் முக்காட்டோடு வந்து, பானைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஜன்னல்களைக் காட்டிக் கையை வேகமாக ஆட்டி என்னவோ சொன்னாள். இந்தியில் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என்ன சொல்கிறாள் என்று கேட்டதற்கு, ஜன்னல் எல்லாம் நல்ல ஜன்னல் என்கிறாள் என்றார். குஜராத்தில் இத்தனை நாள் எந்த இந்தியை வைத்துப் பிழைத்தார் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

முறைப்படி உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் உள்ளே போயின. பிறகு அவர் குளிக்கப் போனார். போன வேகத்தில் ஓர் அலறல். குழாயைத் திறந்தால் வெந்நீர். அந்தப் பக்கத்துக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் சமையலுக்குத் தயாராகக் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சோப்போடு அரை மணி நேரம் நின்று, தண்ணீரை வாளியில் பிடித்து, அது ஆறுமா என்று காத்திருந்தார். ஆறவில்லை.

மூன்று மணி ஆனது. எங்கள் ஊரில் எந்த வெயிலாக இருந்தாலும் மூன்று மணிக்குமேல் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல்காற்று வந்துவிடும். அப்போது ஜன்னலைத் திறந்து போட்டு, வாசலில் தண்ணி தெளித்து, அப்பாடா என்று உட்காருவோம். பிறந்ததிலிருந்து பழகினது. கை தானாகப் போகும். நான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், சோப்பைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரு பக்கம் என்று வீட்டில் இருந்த அத்தனை ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாக உட்கார்ந்தோம்.

காற்று வந்தது. கடல்தான் வரவில்லை. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனலும், அதோடு ஊர் மணல் முழுக்கவும் உள்ளே வந்தது. ஜன்னல்களை மூடி முடிப்பதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒரே நிறமாகிவிட்டோம். கீழ் வீட்டம்மா மாடிப்படியில் ஏறி வந்து எங்களைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஜன்னலைத் திறக்காதே என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அத்தை புடவையை உதறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நைனா, கடலு எந்தப் பக்கம் இருக்குது?” என்று மகனைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, அடுத்த மாநிலத்தையும் தாண்டி என்றார்.

சாயங்காலம் அவர் கடைக்குப் போய், கையடக்க கேஸ் அடுப்பும், மறுநாள் விடியலில் கடை திறக்குமோ திறக்காதோ என்று ரெண்டு பாக்கெட் பாலும் வாங்கி வந்தார். ஃபிரிஜ் எங்கேயோ மத்தியப் பிரதேசத்தில் புளியைச் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தது. ஆனால் எங்களுக்கு அது பெரிய கவலையே இல்லை. புயல் மழைக்குக் கரண்டு போய்விட்டால் எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். ஒரு வாளித் தண்ணீரில் பால் பாக்கெட்டை மிதக்கவிட்டால் காலை வரை கெடாது. அவர் பொறுப்பாக வாளியை வைத்தார். குழாயைத் திறந்து நிரப்பினார். பாக்கெட்டுகளை உள்ளே விட்டு, மேலே ஒரு தட்டையும் மூடினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அந்தக் குழாயில் வருவது வெந்நீர் என்று மதியம் அலறினவரும் அவர்தான்.

காலையில் காலண்டர் பார்த்து நல்ல நேரம் குறித்து, அத்தை குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தவலைக்கு மஞ்சள் பூசி அடுப்பேற்றினாள். கால்வாசிக்குப் பால். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். பாலில் முதலில் ஒரு நெளிவு வந்தது. ஏறப் போகிறது என்று நினைத்தேன். பிறகு நடுவில் ஒரு துண்டு, ஓரத்தில் ஒரு துண்டு, மஞ்சளாய்த் தண்ணீர் என்று தனித்தனியே பிரிந்துபோனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அத்தை அடுப்பை அணைத்தாள்.

“கெளம்பு” என்றாள் என்னைப் பார்த்து.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாளியைப் பார்த்தார். வாளித் தண்ணீரில் விரலை விட்டு, மெதுவாக எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார். அது வெயிலாலே திரிஞ்சிதும்மா, சகுனம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்து எனக்கும் சேர்த்துத் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில், அந்த வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். குளிர்ந்த தண்ணீராக இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக வேறு இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் கீழ் வீட்டம்மா வந்தாள். தவலைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என் கன்னத்தைத் தட்டினாள். தவலையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். அந்த ஊரில் திரிந்த பாலை வீட்டுச் சொந்தக்காரர்தான் கொட்ட வேண்டும் போலிருக்கிறது என்று அவர் விளக்கம் சொன்னார். அவருடைய இந்தியை நான் நம்புவதை விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு முன்னால் அவள் தவலையைப் பளபளவென்று துலக்கி எடுத்து வந்தாள். உள்ளே சர்க்கரைப் பாகில் வெள்ளை வெள்ளையாய் ரசகுல்லா மிதந்தது. அவளுடைய மகள் போனில் தமிழுக்கு மாற்றிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஊரின் பேர் போன பலகாரமே அதுதான். அவள் மாமனார் வீட்டில் தலைமுறையாகப் பாலைத் திரிய வைத்துத்தான் பிழைப்பு. வெளியூரிலிருந்து குடி வந்தவர்கள், முதல் நாள் காலையிலேயே குளித்துப் பொட்டு வைத்து, மஞ்சள் பூசின பாத்திரத்தில் பாலைத் திரிய வைத்து ஊருக்கு மரியாதை செய்கிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். திரித்தது மட்டும் சரியில்லை, புளிப்பு ஏறிவிட்டது, எலுமிச்சம்பழம் பிழிந்து செய்வது எப்படி என்று நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை ஒன்றை எடுத்துப் பாகைப் பிழிந்துவிட்டுத் தின்றாள். இன்னொன்று தின்றாள். நல்லா இருக்குது என்றாள். நான் ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

இது பலகாரம், சகுனம் வேறே என்று சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

அன்று மதியம் அவர் ஏதோ வேலையாக சைட்டுக்குப் போய்விட்டார். அத்தையும் நானும் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தோம். துண்டு காய்ந்துவிடும், எழுந்து நனைத்துப் போட்டுக்கொள்வோம், மறுபடி காய்ந்துவிடும். என் பை மூலையில் கட்டினபடி இருந்தது. நான் அழுவது தெரியக் கூடாது என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் அழுகைகூடச் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

“அவன்கூட இருக்கணும்னு அம்மாம் ஆசையா உனக்கு?” என்றாள் அத்தை.

“ஆமாம் அத்தை.”

“இந்த அடுப்புலயா?”

“ஆமாம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பால் திரிஞ்சதும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்திச்சி. நீயும் பூட்டா நான் ஊட்ல யார்கூட சண்ட போடறது?”

அத்தனை வருஷம் அவளை ஜெயித்துவிட வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு பேசினவள் நான். எழுந்து போய் அவளுடைய துண்டையும் நனைத்துக் கொண்டுவந்து போட்டேன்.

மறுநாள் விடியலில் கண் விழித்தபோது அத்தை பக்கத்தில் இல்லை. எட்டிப் பார்த்தால், கீழ் வீட்டுப் பசு மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, கறக்கும்போதே பாலைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல் இந்தி தெரியாது, அந்த அம்மாவுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் நல்ல சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனைக் காலால் தட்டி எழுப்பினாள். நல்ல நேரம் பார்க்கவில்லை. காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை.

பித்தளைத் தவலை மேடைமேல் துலக்கி வைத்தபடி இருந்தது. அத்தை அதைத் தள்ளி வைத்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவி, ரயிலில் டீ குடிக்க நாங்கள் எடுத்து வந்த, பிடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். ஒரு ஆளுக்கு டீ போடவே அது போதாது. அதில் பாலை ஊற்றினாள். கால்வாசி தாண்டியது, அரை தாண்டியது, கழுத்து வந்தது. நிறுத்துவாள் என்று பார்த்தேன். விளிம்போடு விளிம்பாக, இன்னொரு சொட்டு விழுந்தால் அடுப்பில்லாமலேயே வழிந்துவிடும் என்கிற அளவுக்கு ஊற்றி, தீயை முழுக்கத் திருப்பிவிட்டாள்.

அவர் அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு, அம்மா இது, என்று வாயைத் திறந்தார். என் கால் கட்டைவிரலால் அவர் காலை அழுத்தினேன். பேசக் கூடாத இடத்தில் பேச வருகிறவர்.

பால் நுரைத்தது, கிண்ணத்தின் நாலு பக்கமும் வழிந்தது, அடுப்பு சுர்ரென்று அணைந்தது. மேடையெல்லாம் பால். அத்தை என் பக்கம் திரும்பினாள். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

“பொங்கிச்சி. இரு” என்றாள்.

பொங்கிச்சி அத்தை என்றேன். அவள் முந்தானையால் மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் வாங்கித் துடைக்கப் போனேன், நகரு என்று கையைத் தட்டிவிட்டு அவளே துடைத்தாள். பிறகு பையைத் திறந்து வத்தல் வேட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். இங்கே வெயில் நல்லா இருக்குது, வெச்சிக்கோ என்றாள். அவள் மட்டும் போக டிக்கெட் எடுக்கச் சொல்லி மகனிடம் சொன்னாள். கவரைப்பேட்டையில் நிற்கிற வண்டியாகப் பார்த்து எடு என்றும் சொன்னாள்.